மூணு இஞ்சு காணாமப் போன டேப்பு

ஏலே முகிலு, ஏட்டி யாழினி, ரெண்டு பேரும் கண்ண மூடுங்கன்னா ஆளுக்கு ஒரு கண்ண மூடிட்டு, மொத்தம் ரெண்டு கண்ணு மூடியாச்சு மாமான்னு கணக்கு காட்டுறீங்களா? நல்லா இருக்கு உங்க வக்கீல் புத்தி. இந்த மூளைய நீங்க பள்ளிக்கூடத்துல காட்டுனா டீச்சருக்கு ரெண்டு வருச ஆயுசு கூடும். முகிலு, உன் கால அவ வயித்துல இருந்து எறக்கு. அது வயிறு, வாசப்படி இல்ல. யாழினி, நீ தலகாணியக் கடிக்காத. சாப்பாடு போடலைன்னு ஊர்ல பேச்சு வரும்.

இங்க பாருங்க, சட்டம் இதான். நான் நிறுத்துற எடத்துல "ம்" வரணும். "ம்" வரலைன்னா தூங்கிட்டீங்கன்னு அர்த்தம், நான் எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன். எங்க, ஒண்ணு போடுங்க.

ம்.

இது ம்மா? கொசு கூட இதவிட சத்தமா சொல்லும். சரி போகட்டும்.

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு தையக்காரர் இருந்தாரு. ஏன் ஒரே ஒருத்தர்னு கேளு. ரெண்டாவது தையக்காரருக்கு அளவெடுக்க அந்த ஊர்ல ஒடம்பு பத்தாது. அம்புட்டுத்தான் ஊரு. அவரு பேரு ஆவுடை.

என்ன, தாத்தா பேரா? இருக்கட்டுமே. கதைல வர்ற மனுசனுக்கு ஒரு பேரு வேணுமா வேண்டாமா? பேசாம கேளு.

அந்த ஆவுடைக்கு ஒரு தையமெஷினு. காலைல உக்காந்தா டக டக டக டக டர்ர்ர்ர்ருன்னு ஊர்க் கோடி வரைக்கும் கேக்கும். கழுத்துல எப்பவும் ஒரு டேப்பு, மஞ்சக் கலரு. சாமிக்கு மால மாதிரி அது பாட்டுக்குத் தொங்கும். ஒரு நாள் என்ன ஆச்சு, இஸ்திரிப் பெட்டிய வெச்ச எடத்துல டேப்பு நுனி கெடக்குறத பாக்கல. அந்தப் பக்கமா திரும்பி யாரோடயோ பேசிட்டிருக்காரு. புஸ்ஸ்ஸுன்னு பொக! தூக்கிப் பாத்தா முதல் மூணு இஞ்சும் கருகிப்போச்சு. ஒண்ணு போச்சு, ரெண்டு போச்சு, மூணும் போச்சு. கத்திரிய எடுத்தாரு, கறுக்! கருகுனத வெட்டி எறிஞ்சுட்டாரு. இப்போ டேப்பு எங்க ஆரம்பிக்குது? நாலுல ஆரம்பிக்குது.

வேற ஆளா இருந்தா புது டேப்பு வாங்கியிருப்பாங்க. நம்ம ஆளு என்ன சொன்னாரு தெரியுமா? "மூணு கழிக்கத் தெரியாதவனா நானு?"ன்னாரு. டேப்பு நாப்பதுன்னு காட்டுனா நோட்டுல முப்பத்தேழுன்னு எழுதுவாரு. முப்பதுன்னா இருபத்தேழு. யோசிக்கவே வேண்டாம், கை தன்னால எழுதும். ஒரு சட்டை தப்பாப் போனதில்ல. இப்படியே பத்து வருசம்.

ம்.

அப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்டாட்டி பேரு கோமு. பட்டனுக்குக் காஜா எடுக்குறது, கொக்கி வெக்கிறது, ஓரம் அடிக்கிறது எல்லாம் கோமுதான். அப்புறம் ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பேரு பவுனு.

கத்தாத! அடுத்த ரூம்ல உங்க அம்மா காதுல விழுந்துச்சுன்னா எனக்கு நாளைக்கு சோறு கெடையாது. ஆமா, அதே பவுனுதான். ஆனா இப்போ அவளுக்கு அஞ்சு வயசு, முன்பல்லு ஒண்ணு இல்ல. அத மனசுல வெச்சுக்கிட்டு மெதுவா சிரி.

துணி வெட்டுற மேசைக்கு அடியிலதான் பவுனுக்கு வீடு. காலி நூல் கட்டை, ஒடஞ்ச பட்டன், வெட்டுத்துணி, அதுதான் அவ சொத்து. ஆவுடைக்கு ஒரே ஒரு ஆசை. புள்ள பள்ளிக்கூடம் போகும்போது வெறுங்கையா போகக் கூடாது, நாலு எழுத்து வீட்டுலயே கத்துக்கிட்டுப் போகணும். ஏன்னா அவரு மூணாப்போட நின்னவரு. அவரு மூணாப்பு படிக்கும்போது ஒரு நாள் என்னமோ தப்பா சொல்லிட்டாரு, வகுப்பே சிரிச்சுது. மறுநாள் வயித்துவலின்னு படுத்தாரு. அதுக்கு மறுநாள் தலவலின்னாரு. அதுக்கு மறுநாள் தையக்கடைல காஜா எடுக்க உக்காந்தாரு. அவ்வளவுதான், முடிஞ்சுது படிப்பு.

புஸ்தகம் கெடையாது வீட்டுல. அதனால என்ன? கறுப்பு பேண்ட்டுத் துணி மிச்சம் இருந்துச்சு, அதுதான் சிலேட்டு. துணில கோடு போடுற சாக்கட்டி, அதுதான் பலப்பம். கெட்டி நூல எடுத்து "அ" மாதிரி தெச்சு வெச்சுட்டு, "தாயி, கண்ண மூடிட்டு விரலால தடவு. எங்க வளையுது? எங்க கீழ எறங்குது?"ன்னு கேப்பாரு. பவுனு தடவித் தடவியே பாதி எழுத்து கத்துக்கிட்டா. அப்புறம் எண்ணணும்ல? எண்ணுறதுக்கு எது? கழுத்துலதான் தொங்குதே!

டேப்ப நீட்டிப் புடிச்சு, "இது எம்புட்டு? அடுத்தது எம்புட்டு?"ன்னு ஒவ்வொரு கோடா தொட்டுச் சொல்லிக் குடுத்தாரு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு... டேப்பு அறுபதுல முடியுது, பவுனும் அறுபது வரைக்கும் மடமடன்னு சொல்லுவா. அஞ்சு வயசுப் புள்ள! ஆனா எங்க ஆரம்பிப்பா?

நாலுல!

ஆங், முழிச்சிட்டிருக்கீங்க. முகிலு, நீ கேக்குறது சரிதான். ஒண்ணு, ரெண்டு, மூணு அவ காதுலயே விழுந்ததில்லையான்னு கேக்குற. விழுந்துச்சு. தெருவுல புள்ளைங்க ஓட்டப்பந்தயம் வெக்கும்போது, "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஓடு!"ன்னு கத்துவாங்கல்ல? பவுனு என்ன நெனச்சுக்கிட்டா, அது ஓடுறதுக்கு முன்னாடி கத்துற சத்தம், எண்ணிக்கை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதுன்னு நெனச்சுக்கிட்டா.

இதுல பெரிய கூத்து என்னன்னா, வீட்டுல யாருக்கும் தெரியல. "அப்பா, வாசல்ல ஏழு பேரு வந்திருக்காங்க"ன்னு பவுனு சொல்லுவா. ஆவுடை தலைய நிமித்தாம, "கோமு, நாலு டீ போடு"ம்பாரு. டீ சரியா இருக்கும்! பதினஞ்சு வருசத்துக்கு மேல கழிச்ச மூளை, டேப்பு சொன்னாலும் கழிக்கும், புள்ள சொன்னாலும் கழிக்கும். கோமுவுக்கும் அந்தப் பழக்கம் தொத்திக்கிச்சு. அந்த வீட்டுக்குள்ள எல்லாமே சரியா இருந்துச்சு.

ம்.

அப்புறம் ஜூன் மாசம் வந்துச்சு. ஆவுடை தானே தெச்ச பாவாட, தானே தெச்ச சட்ட, தானே தெச்ச பை. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஒண்ணாப்புல உக்கார வெச்சாரு. எஸ்தர் டீச்சர்னு ஒரு டீச்சர். நல்ல டீச்சர்தான். முதல் நாளே கேட்டாங்க, "எங்க, ஒரு கைல எத்தன விரலு? யாரு சொல்லுவா?"

பவுனுக்குத்தான் தெரியுமே! படார்னு எந்திரிச்சா. விரலத் தொட்டுத் தொட்டு, "நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு! எட்டு விரலு டீச்சர்!"

கெக்கெக்கேன்னு வகுப்பே உருளுது. ஒரு பய எந்திரிச்சு, "டீச்சர், அப்ப இவ எட்டுக்கால் பூச்சி டீச்சர்!"னுட்டான். டேபிள்ல தட்டுறான், தரையில உருளுறான். எஸ்தர் டீச்சர், "சும்மா இருங்கடா!"ன்னு அதட்டுனாங்க. அதட்டும்போது அவங்க வாய் ஓரமும் லேசா சிரிச்சுது. பவுனு அதப் பாத்துட்டா.

சாயங்காலம் வந்தா. பைய வெச்சா. மேசைக்கு அடியில போனா. வெட்டுத்துணிய இழுத்துப் போத்திக்கிட்டா.

மறுநாள் காலைல, "அப்பா, எனக்கு வயிறு வலிக்கு."

ஆவுடை கையில இருந்த கத்திரி அப்படியே நின்னுச்சு. அதுக்கு மறுநாள், "தல வலிக்குப்பா." இந்தப் பாதை ஆவுடைக்குத் தெரியும்ல? வயித்துவலி, தலவலி, மூணாவது நாள் எங்க போயி நிக்கும்னு அவருக்குத் தெரியாதா? அப்போதான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா வந்து வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போச்சு. "அண்ணாச்சி, பத்து நாள் சேந்தாப்புல வரலைன்னா இந்த வருசத்துக்குப் பேர எடுத்துருவேன்னு பெரிய சார் சொல்லிட்டாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாமாம்."

அடுத்த வருசமாம்! ஒரு நாள் போகாட்டி மறுநாள் காலு வராது, இதுல அடுத்த வருசம் எங்க வரும்? ஆவுடை குனிஞ்சு மேசைக்கு அடியில தலைய நீட்டுனாரு. "என்ன தாயி நடந்துச்சு?"

எல்லாத்தையும் சொன்னா. சொல்லிட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டே கேட்டா.

"அப்பா, உன் டேப்பு பொய் சொல்லுமா?"

ஆவுடைக்கு அப்போதான் பொறி தட்டுச்சு. எட்டு விரலு. எட்டுல மூணு போனா அஞ்சு. அடப்பாவி மனுசா! அப்படியே தரையில உக்காந்துட்டாரு. கோமு வந்து பாத்துட்டு, "புள்ளைக்குத் தல வலின்னா நீங்க ஏன் தலையில கை வெச்சிருக்கீங்க?"ன்னா. அவரு சொன்னாரு, "நானே புள்ளைய மூணு இஞ்சு தள்ளி நிப்பாட்டிட்டேன் கோமு."

ம்.

யாழினி, உன் ம் நல்லா இருக்கு. அவன் ம் பாதி தூக்கத்துல வருது.

அப்புறம் ஆவுடை பஸ் ஏறி டவுனுக்குப் போனாரு. நல்ல வழவழன்னு ஒரு எண் புஸ்தகம் வாங்கிட்டு வந்தாரு. மேசைக்கு அடியில மெதுவா தள்ளி விட்டாரு. பவுனு தொறந்தா. ஒண்ணுன்னு போட்டு ஒரு பனிக்கரடி. ரெண்டுன்னு போட்டு ரெண்டு பெங்குயினு. மூணுன்னு போட்டு மூணு ஸ்ட்ராபெரி.

"அப்பா, இது என்ன? தக்காளிக்கு அம்மை போட்டிருக்கா?"

"அது... அது ஏதோ பழம் தாயி."

"இவங்கல்லாம் நம்ம ஊர்ல யாரு?"

சர்ர்ர்னு புஸ்தகம் திரும்பி வெளிய வந்துருச்சு.

மறுநாள் ஆவுடை ஓட்டக் குடையில இருந்து ஒரு கம்பிய உருவுனாரு. காலி நூல் கட்டை பத்து எடுத்து அதுல கோத்தாரு. ரெண்டு பக்கமும் மடக்கி விட்டாரு. அருமையான மணிச்சட்டம்! டொக், டொக், டொக்குன்னு தள்ளலாம். பவுனுக்குப் புடிச்சுப் போச்சு. ஒவ்வொண்ணா தள்ளி, "நாலு, அஞ்சு, ஆறு..." கடைசிக் கட்டை, டொக்! "பதிமூணு!"

ஆவுடை மூஞ்சில சந்தோசம். "பாத்தியா கோமு! பத்து! புள்ள சரியா சொல்லிட்டா!"

கோமு தலையில அடிச்சுக்கிட்டா. "அவ பதிமூணுன்னா! நீங்க கழிக்கிறீங்க, அதான் சரியா இருக்கு!"

ஆச்சா, ரெண்டும் ஊத்திக்கிச்சு. நாளு நாலு போச்சு. அஞ்சாவது நாள் ஆவுடை டவுன்ல இருந்து புது டேப்பு ஒண்ணு வரவழைச்சாரு. பவுனு அதத் தொடவே மாட்டேன்னுட்டா. "இது யார் டேப்போ. எனக்கு உன் டேப்புதான் வேணும்." ஆவுடை கொஞ்ச நேரம் ரெண்டு டேப்பையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் கத்திரிய எடுத்தாரு. கறுக்! புது டேப்புல முதல் மூணு இஞ்சு மட்டும் வெட்டுனாரு. பழைய டேப்போட நுனில வெச்சாரு. டக டக டக. தெச்சுட்டாரு!

மேசைக்கு அடியில நீட்டுனாரு. பவுனு விரலால தடவுனா. தையல் மேடா இருக்கு.

"இது யாருப்பா?"

"இது மூணு. இது ரெண்டு. இந்தக் கடைசில நிக்குதே, இது ஒண்ணு. இத்தன நாளா தொலஞ்சு போயிருந்துச்சு தாயி. நான்தான் எரிச்சுட்டேன்."

"ஓடுறதுக்கு முன்னாடி கத்துவாங்களே, அந்த ஒண்ணா?"

"அதே ஒண்ணுதான்."

பவுனு யோசிக்கிறா. "அப்போ ஓடுறதுக்கு முன்னாடியே மூணு ஆயிருச்சா?"

"ஆயிருச்சு தாயி."

தன் கை விரல வெச்சு மெதுவா தொட்டா. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. அஞ்சுல விரலு தீந்து போச்சு. திரும்பவும் எண்ணுனா. திரும்பவும் அஞ்சு. ஆவுடை மூச்ச விட்டாரு. "நாளைக்குப் போவோமா?"

"போமாட்டேன். அங்க போனா எனக்கு நாலுதான் முதல்ல வரும். அவன் சிரிப்பான்."

ம்.

இப்போதான்யா கதை சூடு புடிக்குது. அந்த வாரம் ஊர்ல அம்மன் கோவில் கொடைத் திருவிழா. எல்லாருக்கும் புதுத்துணி. கடைல கூட்டம் நெரியுது. ஆவுடை மடமடன்னு அளவெடுக்குறாரு, நோட்டுல எழுதுறாரு, வெட்டுறாரு, தெக்கிறாரு, டக டக டக டக. எந்த டேப்புல அளவெடுத்தாரு?

ஒட்டுப் போட்ட டேப்புல! டேப்பு இப்போ சரியாயிருச்சு. ஆனா மனுசன் சரியாகல! டேப்பு நாப்பதுன்னா அது நாப்பதேதான். இவரு கை பாட்டுக்கு முப்பத்தேழுன்னு எழுதுது!

எட்டாவது நாள் காலைல மளிகைக்கடை செல்வராசு வந்தாரு. வயிறு முன்னாடி வந்துச்சு, அவரு பின்னாடி வந்தாரு. "என்ன வே ஆவுடை, இது எனக்குத் தெச்சதா, எம்மவனுக்குத் தெச்சதா?"ன்னு மூச்ச விட்டாரு. டப்! ஒரு பட்டன் தெறிச்சு மெஷின் மேல விழுந்துச்சு. டப்! இன்னொண்ணு செவுத்துல. டப்! மூணாவது தரையில. அவரு முடிக்கிறதுக்குள்ள தபால்காரர் வந்தாரு. காக்கி பேண்ட்டு கெண்டக்கால்ல நிக்குது. "அண்ணாச்சி, நான் தபால் குடுக்கப் போறேனா, நாத்து நடப் போறேனா?" அவரு பின்னாடி யாரு? பெரிய சாரு! பள்ளிக்கூடத்துப் பெரிய சாரு! வெள்ளச் சட்ட. காலரு கழுத்தப் புடிச்சுக்கிச்சு, பேச்சே வரல. கைய நீட்டிக் காட்டுறாரு, முழுக்கை முக்காக்கையா இருக்கு. "க்க்... க்க்..."ங்கறாரு.

கூட்டம் சிரிக்குது பாரு! தெருவே வந்து நின்னு சிரிக்குது. "ஆவுடைக்குக் கணக்கு மறந்து போச்சு டோய்!"னு எவனோ கத்துறான். ஆவுடை தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நோட்டப் பாக்குறாரு, டேப்பப் பாக்குறாரு, ஒண்ணும் புரியல அவருக்கு. காது ரெண்டும் செவந்து போச்சு. மூணாப்பு ஞாபகம் வந்துருச்சு போல. எந்திரிச்சு பின்வாசல் வழியா போயிரலாமான்னு காலு தேடுது.

அப்போ மேசைக்கு அடியில வெட்டுத்துணி அசைஞ்சுது.

ஒரு கை வந்துச்சு. ஒரு தல வந்துச்சு. பவுனு வெளிய வந்துட்டா! எட்டு நாளா வராதவ! நேரா போயி அப்பா வேட்டியப் புடிச்சு இழுத்தா.

"அப்பா, கழிக்காத. மூணுதான் வந்தாச்சே."

ஆவுடைக்கு அப்பவும் புரியல. "என்ன தாயி?"

"நீ இன்னும் நாலுலயே நிக்கிறப்பா!"

ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டா. டேப்ப அவர் கழுத்துல இருந்து உருவுனா. பெரிய சார் தோள்ல வெச்சா. அவருக்குத்தான் பேச்சு வரலையே, நிக்கிறாரு மரம் மாதிரி. பவுனு விரல நுனில வெச்சா. கூட்டமே பாக்குது. வாய் தொறக்குது, மூடுது. தொறக்குது, மூடுது.

"...ஒண்ணு."

வந்துருச்சு! அப்புறம் என்ன, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, கடகடன்னு கை வழியா எறங்குறா, முழங்கை தாண்டுறா, மணிக்கட்டுக்கு வந்தா. "இருபத்தி நாலு!"

ஆவுடை பென்சில எடுத்து எழுதுனாரு. இருபத்தி ஒண்ணு!

பளார்னு அவர் கை மேல ஒரு அடி. "அப்பா! இருபத்தி நாலு!"

கூட்டம் மறுபடியும் சிரிச்சுது. ஆனா இந்தச் சிரிப்பு வேற. செல்வராசு இருக்குற மிச்ச பட்டனும் தெறிக்குற மாதிரி சிரிக்கிறாரு. பெரிய சாரு காலர் பட்டனப் பிச்சு எறிஞ்சுட்டு, மூச்ச இழுத்து, முதல் வார்த்தையா இதத்தான் கேட்டாரு. "ஏம்மா, ஒண்ணாப்புல இருபதுக்கு மேல எண்ண ஆளு கெடையாதே. நீ எது வரைக்கும் எண்ணுவ?"

"அறுபது சார். அதோட டேப்பு முடிஞ்சுருது."

ம்.

தூங்கலையே? நல்லது. அன்னைக்கு முழுக்க பவுனு ஸ்டூல் மேலயே நின்னா. அவரு அளவெடுக்க, இவ சத்தமா சொல்ல, அவரு கழிக்கப் போக, இவ "அப்பா!"ங்க, அப்படியே போச்சு. அவரு ஒரு தடவ மறந்தா இவ புடிப்பா. இவ வாயில நாலு முதல்ல வந்தா அவரு புடிப்பாரு. ரெண்டு பேரும் ஒண்ணா மறந்தாங்க, ஒண்ணா கத்துக்கிட்டாங்க. எல்லாத் துணியும் பிரிச்சு, ஒட்டுக் குடுத்து, சரி பண்ணியாச்சு. ஒருத்தர் கூட கோவிச்சுக்கல.

ஆனா பள்ளிக்கூடம்? ஒம்பதாவது நாள் ஆவுடை கேட்டாரு. பவுனு சொன்னா, "நீ வந்தா வாரேன்." அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அப்போ கோமுதான் வாயத் தொறந்தா.

"வெறுங்கையா போக வேண்டாம். அந்த பனிக்கரடியெல்லாம் இவளுக்கு யாருன்னே தெரியாது. இவளுக்குத் தெரிஞ்ச மனுசங்கள வெச்சு நாமளே ஒரு புஸ்தகம் தெச்சா என்ன?"

உக்காந்தா கோமு. தபால்காரரு பேண்ட்டுல மிஞ்சுன காக்கி ஒரு பக்கம், அதுல ஒரே ஒரு பட்டன். தன்னோட பழைய ரவிக்கத்துணி ஒரு பக்கம், அதுல ரெண்டு கொக்கி. செல்வராசு கோடு போட்ட சட்ட ஒரு பக்கம், அவருகிட்ட இருந்து தெறிச்ச பட்டனே மூணு. இப்படியே பத்துப் பக்கம். பக்கத்துக்குப் பக்கம் காஜா. பட்டனப் போடலாம், கழட்டலாம், எண்ணலாம். கிழியாது. தண்ணி பட்டா தொவச்சுக் காயப் போடலாம். எந்தப் புஸ்தகத்த தொவச்சுக் காயப் போட முடியும், சொல்லு?

பத்தாவது நாள் காலைல ஆவுடை, "கோமு, எனக்கு வயிறு வலிக்கு"ன்னாரு. பவுனு, "எனக்கும்"னா. கோமு ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஓமத்தண்ணியக் குடுத்து வாசல்ல தள்ளிக் கதவ சாத்திட்டா.

போனாங்க. இருபத்தஞ்சு வருசம் கழிச்சு ஆவுடை ஒரு வகுப்புக்குள்ள கால் வெச்சாரு. எஸ்தர் டீச்சரக் கும்புட்டுட்டு, புள்ளைங்க பக்கம் திரும்புனாரு. "புள்ளைங்களா, நீங்க போட்டிருக்குற சட்ட எல்லாம் நான்தான் தெச்சேன். பவுனு தப்பா எண்ணல. என் டேப்பு அப்படி. தப்பு என் மேல."

அந்தப் பய இருக்கானே, எட்டுக்கால் பூச்சிக்காரன், அவன் சும்மா இருப்பானா? "அப்ப நீங்க எண்ணுங்க பாப்போம்!"

ஆவுடை துணிப் புஸ்தகத்தத் தொறந்தாரு. காக்கிப் பக்கம். ஒத்தப் பட்டன். அதுல விரல வெச்சாரு. வாயத் தொறந்தாரு.

"நாலு."

அய்யய்யோ! வகுப்பு வெடிச்சுது! டேபிள்ல தட்டுறான், தரையில உருளுறான். ஆவுடை காது சுருசுருன்னு செவக்குது. கண்ணு வாசலத் தேடுது. ரெண்டு எட்டு வெச்சா வெளிய. அப்போ எல்லாச் சிரிப்புக்கும் மேல ஒரு சிரிப்பு கேட்டுச்சு. கிளுகிளுன்னு, மூச்சு முட்ட. யாருன்னு பாத்தா, பவுனு! வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. "அப்பா! ஒண்ணுப்பா! ஒண்ணு!"

அவ சிரிக்கிறதப் பாத்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஓடல. நின்னாரு. நின்னு, அவகூட சேந்து, "ஒண்ணு"ன்னாரு. அடுத்த பக்கம் வகுப்பே சேந்து, "ரெண்டு!" அதுக்குள்ள ஒருத்தி, "ஏ, இது எங்க அப்பா சட்ட!"ன்னு ஓடி வந்தா. இன்னொருத்தன் பட்டனப் போட்டுப் பாக்கணும்னான். புஸ்தகத்தச் சுத்தி ஒரே கூட்டம். எட்டுக்கால் பூச்சிக்காரன் முட்டி மோதி உள்ள வந்து, பவுனுகிட்டயே, "அறுபது வரைக்கும் எனக்கும் சொல்லித் தா"ன்னு உக்காந்துட்டான்.

ஆவுடை மெல்ல வெளிய வந்தாரு. செருப்ப மாட்டுனாரு. அப்பான்னு கூப்புடுவாளோன்னு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாரு.

கூப்புடல.

ம்?

...ம்.

அப்புறம் அந்த ஊர்ல எந்த வீட்டுல புள்ள இருந்தாலும் ஒரு துணிப் புஸ்தகம் இருந்துச்சு. மிச்சத் துணிய அவங்கவங்களே கொண்டு வந்து குடுத்தாங்க. கோமு கையில இருந்த ஊசியக் கீழ வெச்சதில்ல. எத்தன புள்ளைங்க அதத் தடவித் தடவி எண்ணக் கத்துக்கிச்சுன்னு கணக்கே கெடையாது. அந்த ரெண்டு பேருக்கும் கோடி கும்புடு போடணும் நம்ம. மூணாப்புல சிரிச்சாங்கன்னு ஓடுன மனுசன், மகளுக்காகத் திரும்பப் போயி, அதே மாதிரி சிரிக்க விட்டு, ஓடாம நின்னாரு பாரு. அது லேசுப்பட்ட காரியமில்ல. உங்க அம்மா படிச்ச படிப்பு, இப்போ நீங்க படிக்கிற படிப்பு, எல்லாம் அந்த வகுப்புல அவரு ஓடாம நின்னதுல வந்தது.

தையல் முடிஞ்சுது, நூல அறுத்தாச்சு. கண்ண மூடுங்க.

என்ன முகிலு? நீ இன்னும் தூங்கலையா? நான் எங்கயா? கதைல நான் எங்க இருந்தேன்னா கேக்குற?

அப்போ நான் பொறக்கல. அஞ்சு வருசம் கழிச்சுப் பொறந்தேன். எனக்கும் தனியா ஒரு துணிப் புஸ்தகம் தெச்சாங்க. நூல் கட்டையில மணிச்சட்டம், கறுப்புத் துணில சிலேட்டு, எல்லாம். என் பக்கத்துல உக்காந்து விரலப் புடிச்சு எண்ணச் சொன்னாரு எங்க அப்பா. என்னப் பாத்து யாரும் சிரிக்கல, யாரும் அடிக்கல. பத்தாப்புல பாதியில பைய வீசிட்டு வந்தது நானா செஞ்சது. அவங்க ஒரு குறையும் வெக்கல. நான்தான் படிக்கல. தூங்கு.